அடகுக் கடையில் ஒரு நிழல்: ஒரே களவு சாகசத்தை இரண்டு முறை எழுதிய கதை

முதல் தடவை ஆடியபோது திட்டம் போட மூன்று மணி நேரம் ஆனது. களவு இருபது நிமிடத்தில் முடிந்துபோனது. முடிந்தது என்றால் ஜெயித்தார்கள் என்று அர்த்தமில்லை. இரண்டாவது கதவிலேயே மாட்டிக்கொண்டு, காவலர்கள் ஓடிவந்து, அப்புறம் வழக்கமான வெட்டுக்குத்து. ஆட்டம் கலைந்ததும் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அந்தத் 'தான்' என்னை இரண்டு வாரம் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆட்டம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. ஐந்து பிளேயர்கள், எல்லோருடைய கேரக்டரும் ஐந்தாம் லெவல். டிஎம் நான், அதாவது கதை நடக்கும் ஊரையும், பிளேயர்கள் தவிர அங்கே மூச்சுவிடும் எல்லோரையும் நடத்துகிறவன். சாகசத்தையும், அதாவது ஆட வேண்டிய கதையையும் அதிலுள்ள தடைகளையும், நானே எழுதியிருந்தேன், அதனால் பழி போட வேறு ஆள் இல்லை. அதே சாகசத்தைத் திருத்தி எழுதி, கதை தெரியாத வேறு ஐந்து பேருக்கு மறுபடி நடத்தினேன். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதுதான் இந்த ஆய்வு.

கடையும் சரக்கும்

கால்வாய்கள் ஓடும் ஒரு துறைமுக நகரம். அங்கே மந்திரவாதிகளுக்கென்றே ஒரு அடகுக் கடை. நகை, பாத்திரம் எல்லாம் வாங்க மாட்டார்கள். குரல், ஒரு வருடத் தூக்கம், சொந்தப் பெயர், இப்படிப்பட்ட சரக்குகள்தான். ஒரு கிழவி முப்பது வருடத்துக்கு முன் தன் நிழலை அங்கே அடகு வைத்திருக்கிறாள். வட்டி கட்டவில்லை. இன்னும் நான்கு நாளில் நிழல் ஏலத்துக்குப் போகிறது. ஏலத்துக்கு முன் எடுத்துத் தர வேண்டும்.

நிழல் ஒரு கண்ணாடிச் சாடியில் இருக்கிறது, பக்கத்தில் எப்போதும் ஒரு விளக்கு எரிகிறது. முழு இருட்டில் வைத்தால் நிழல் கரைந்துவிடும். எழுதும்போது அழகுக்காகச் சேர்த்த விவரம் இது. பின்னால் இதுவே சாகசத்தின் முதுகெலும்பானது. திருடனுக்கு இருட்டு வேண்டும், திருட்டுப் பொருளுக்கு வெளிச்சம் வேண்டும். உள்ளே போகும் வழியிலேயே வெளியே வர முடியாது.

திருடும் பொருளுக்கு இப்படி ஒரு பிடிவாதம் இருக்க வேண்டும் என்பது எனக்கு எண்களைப் பார்த்துத்தான் உறைத்தது. 2018இல் இந்த ஆட்டத்தின் நிறுவனமான விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வெளியிட்ட 'வாட்டர்டீப்: டிராகன் ஹைஸ்ட்' சாகசத்தில் புதையல் 5,00,000 தங்கக் காசுகள். இந்த ஆட்டத்தின் விதிப்படி 50 காசு ஒரு பவுண்டு. ஆகவே புதையலின் எடை 10,000 பவுண்டு, ஏறக்குறைய நாலரை டன். எவ்வளவு போட்டாலும் கனக்காத மாயப் பை என்று பெயர் வாங்கிய 'பேக் ஆஃப் ஹோல்டிங்' கூட 500 பவுண்டுக்கு மேல் தாங்காது. இருபது பை வேண்டும். ஐந்தாம் லெவல் கோஷ்டிக்கு ஒரு பை கிடைப்பதே பெரிய பாடு. இப்படிப் பார்த்தால் அந்தப் புதையலில் சுவாரசியமான கேள்வி எப்படி உள்ளே போவது என்பது அல்ல, எப்படித் தூக்குவது என்பது.

கடையின் எலும்புக்கூட்டை நிஜமான ஒரு களவிலிருந்து எடுத்தேன். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் வைர வியாபாரிகளின் கட்டடம் ஒன்று, அதில் தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில் பெட்டக அறை. 2003 பிப்ரவரி 15, 16 வார இறுதியில் அதற்குள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளைத் திறந்தார்கள். போனது 10 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். கும்பலுக்குத் தலைவராகத் தண்டிக்கப்பட்ட லியோனார்டோ நோட்டார்பார்ட்டோலோ சுவரேறிக் குதித்து வந்தவர் அல்ல. இத்தாலிய வைர வியாபாரி என்று சொல்லி அதே கட்டடத்தில் அலுவலகம் வாடகைக்கு எடுத்தவர். வாடகைக்காரர் என்பதால் பெட்டகத்தில் அவருக்கும் ஒரு பெட்டி உண்டு. பல மாதங்கள் உரிமையோடு உள்ளே போய் வந்திருக்கிறார். கதவு திறந்தால் அலறும் காந்தத் தகடுகள் இரண்டையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் சேர்த்தே கழற்றி ஒதுக்கிவிட்டார்கள். வெளிச்சம் பட்டால் அலறும் கருவியின் மேல் டேப் ஒட்டினார்கள். இவ்வளவு செய்தவர்கள் கடைசியில் குப்பையால் மாட்டினார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் வீசிப்போன மூட்டையில் பாதி தின்ற சாண்ட்விச் கிடந்தது. அதிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். தலைவர் பிடிபட்டது மறுபடி அதே கட்டடத்துக்கு வந்தபோது.

இதில் எனக்குப் பயன்பட்டது மூன்று விஷயம்: வாடிக்கையாளராகப் போய் நோட்டம் பார்ப்பது, பிரிந்தால் அலறும் இரட்டை, விட்டுப்போன தடயம். காந்தத் தகடுகளை நான் காதல் கற்களாக மாற்றினேன். கதவில் ஒன்று, நிலையில் ஒன்று. இரண்டும் ஒன்றோடொன்று கிசுகிசுத்துக்கொண்டிருக்கும், பிரித்தால் ஓலமிடும்.

முதல் வடிவம் எங்கே சறுக்கியது

காகிதத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது. பிரச்சினை என்னவென்றால், நான் ஒரு திட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற கட்டடத்தை எழுதியிருந்தேன். ரோக், அதாவது திருட்டில் கைதேர்ந்த கேரக்டர், பூட்டைத் திறப்பார், மந்திரவாதியான விஸார்ட் இந்த மந்திரத்தை எடுப்பார், இவர்கள் இந்த வழியாக வருவார்கள். பிளேயர்களுக்கு என் மனதில் இருப்பது எப்படித் தெரியும்? தெரியாததால் எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டார்கள். கூரை வழியாகப் போனால் என்ன, கூரையில் காவல் இருந்தால் என்ன, அந்தக் காவலிடம் நாய் இருந்தால் என்ன. மூன்று மணி நேரத்தில் நான் எழுதவே எழுதாத ஒரு நாயைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள்.

ஒருவழியாகக் கிளம்பியதும் விஸார்ட் தன் ஃபெமிலியரை, ஏவலுக்கு வைத்திருக்கும் குட்டிச் சிலந்தியை, கதவிடுக்கில் அனுப்பினார். புத்திசாலித்தனமான யோசனை. ஆனால் கதவில் 'அலாரம்' மந்திரம் போட்டிருந்தது. விதிப்புத்தகத்தின் உருவ அளவுகளில் ஆகச் சிறியதுக்குப் பெயர் டைனி. அந்த அளவு உயிர் தொட்டாலே அலாரம் ஒலிக்கும், சிலந்தி டைனிதான். விதி சரி. ஆனால் என் சாகசத்தில் அலாரம் ஒலித்தால் நடக்க ஒன்றே ஒன்றுதான் எழுதியிருந்தேன்: ஆறு காவலர்கள் வாளோடு வருவார்கள். திட்டம் ஒரு நொடியில் செத்தது. ஒரு பிசகுக்கும் முழு நாசத்துக்கும் நடுவில் நான் எதையுமே வைக்கவில்லை.

சிலந்தி மாட்டாமல் இருந்திருந்தாலும் வேறு எங்காவது மாட்டியிருப்பார்கள். கணக்கு அப்படி. ஓசைப்படாமல் போக ஒவ்வொருவருக்கும் 70 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். தாராளமான கணக்கு இது, இரும்புக் கவசம் போட்ட போர்வீரனான ஃபைட்டருக்கு அதில் பாதிகூட வராது. ஐந்து பேரும் தனித்தனியே பகடை உருட்டி ஐந்து பேருமே தப்ப வேண்டும் என்றால் வாய்ப்பு 17 சதவீதம். ஒரு கதவுக்கே இவ்வளவுதான். விதிப்புத்தகத்திலேயே 'குரூப் செக்' என்று ஒன்று இருக்கிறது: எல்லோரும் உருட்டுங்கள், குறைந்தது பாதிப் பேர் தேறினால் மொத்தக் கூட்டமும் தேறியது. அப்படிச் செய்தால் அதே 70 சதவீதம், ஐந்து பேருக்கு 84 ஆகிவிடுகிறது. பத்து வருடமாக விதிப்புத்தகம் அலமாரியில் இருக்கிறது, அந்தப் பக்கத்தை நான் படித்தும் இருக்கிறேன். உபயோகிக்கத் தோன்றவில்லை.

பொற்கொல்லன் சொன்ன எட்டு

இரண்டாவது வடிவத்துக்கு வழி நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. சிலப்பதிகாரத்தில், கொலைக்களக் காதையில். கோவலனைக் காட்டி, இவன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று காவலர்களை நம்பவைக்கப் பார்க்கிறான் பொற்கொல்லன். இவன் முகத்தைப் பார்த்தால் கள்வன் மாதிரி இல்லையே என்று அவர்கள் தயங்குகிறார்கள். உடனே அவன் களவுத் தொழில் பற்றி ஒரு பாடமே நடத்துகிறான். கள்வருக்குத் துணை எட்டு: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. சிலம்பை எடுத்தவனே அவன்தான், அதனால் விஷயம் தெரிந்தவன் சொன்னது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதோடு நிற்கவில்லை, ஒரு கதையும் சொல்கிறான். ஒருவன் பகலில் தூதன் வேடத்தில் அரண்மனை வாசலில் இருந்தான். இரவில் பெண் வேடத்தில் உள்ளே நுழைந்தான். விளக்கின் நிழலில் ஒதுங்கிப் போய், தூங்கிக்கொண்டிருந்த இளவரசனின் ஆரத்தை எடுத்தான். இளவரசன் விழித்து வாளை உருவ, திருடன் உறையைப் பிடித்துக்கொண்டு வீச வீச வாளை உறைக்குள் வாங்கினான். மற்போருக்கு வந்தபோது ஒரு தூணை ஆளாகக் காட்டிவிட்டு மறைந்துபோனான். நோட்டம், வேடம், நுழைவு, பிசகு, சமாளிப்பு, தப்பிப்பு. ஒரு செஷன் முழுக்க இதில் இருக்கிறது. முக்கியமாக, இளவரசன் விழித்துக்கொண்ட பிறகும் கதை முடியவில்லை. என் சாகசத்தில் இளவரசன் கண்ணைத் திறந்தால் ஆட்டம் காலி.

என் முதல் வடிவத்தை அந்த எட்டில் வைத்துப் பார்த்தேன். பெட்டக வாசலுக்குக் கருவி உண்டு, பூட்டைத் திறக்கலாம். மந்திரம் உண்டு. மீதி ஆறுக்கும் கதவே இல்லை. ஐந்து பிளேயர்களில் ரோக்கும் விஸார்டும் தவிர மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

ஆகவே ஒரு கட்டுப்பாடு வைத்தேன். ஒவ்வொரு தடைக்கும் எட்டில் குறைந்தது மூன்று வழியாவது திறந்திருக்க வேண்டும். அந்த வழியில் எப்படிப் போவார்கள் என்று நான் யோசிக்கக் கூடாது. இரண்டாவது பாதிதான் கஷ்டம். யோசிக்க ஆரம்பித்தால் மறுபடி என் திட்டத்தை அவர்கள் கண்டுபிடிக்கும் விளையாட்டாகிவிடும்.

நிமித்தம்தான் கொஞ்சம் திண்டாட வைத்தது. பொற்கொல்லன் சொல்லும் கள்வர்கள் நல்ல சகுனம் பார்த்தே களவுக்குப் போவார்கள். அரும்பொருள் கைக்கே வந்தாலும் சகுனம் சரியில்லை என்றால் தொட மாட்டார்கள். நான் அதைத் திருப்பிப் போட்டேன். கடை முதலாளியம்மாவுக்குச் சகுன நம்பிக்கை அதிகம். ஏலத்தன்று காலை கெட்ட சகுனம் கண்டால் ஏலத்தை ஒரு நாள் தள்ளிவைப்பார். யாராவது வேண்டுமானால் பூனையை அவிழ்த்துவிடட்டும். இரண்டாவது கோஷ்டி இதைத் தொடவே இல்லை. பரவாயில்லை. தொடாத கதவு நான்கைந்து இருந்தால்தான் அது வீடு மாதிரி இருக்கும்.

வீட்டின் ஒரு நாள்

இதற்குப் பிறகு கட்டடத்தை விட்டுவிட்டு நேரத்தை எழுதினேன். காலை எட்டுக்குக் கடை திறக்கும். மதியம் கணக்குப்பிள்ளை பேரேட்டைச் சரிபார்ப்பார். மாலை ஐந்து வரை, அடகு வைத்தவர்கள் நாளுக்கு ஒரு முறை கீழே போய்த் தங்கள் பொருளைப் பார்த்துவிட்டு வரலாம். ஆறுக்குக் கடை சாத்துவார்கள். பத்து மணிக்குப் பாரா மாறும். விடிகாலை நான்குக்கு மீன் படகு பின்படித்துறைக்கு வரும். ஒரு பக்கம்தான் வந்தது. ஆனால் இந்த ஒரு பக்கம் முன்பு நான் வரைந்த நான்கு பக்க வரைபடத்தைவிட அதிகம் உழைத்தது.

மந்திரப் பாதுகாப்பையும் இந்த நேரக்கணக்குக்குள் கொண்டுவந்தேன். களவு சாகசம் எழுதும் டிஎம்களின் வழக்கமான பயம் மந்திரம். கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், வாயுவாக மாறிச் சாவித்துளையில் நுழையலாம், பிறகு பூட்டுக்கு என்ன மரியாதை? அந்தப் பயத்தில் 'இங்கே மந்திரம் பலிக்காது' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் விஸார்ட் ஆடுகிறவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக அர்த்தம். இருநூறு வருடமாக மந்திரவாதிகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் ஒரு கடை, கஞ்சத்தனமாக, நடைமுறைக்கு ஒத்த வகையில் என்ன செய்யும் என்று கேட்பதுதான் சரி. பெட்டக அறைச் சுவரில் மெல்லிய ஈயத் தகடு அடித்திருப்பார்கள். பொருள் தேடும் மந்திரமும் மந்திரம் கண்டறியும் மந்திரமும் ஈயத்தைத் தாண்டாது, செலவும் குறைவு. கதவில் பூட்டை இறுக்கும் 'ஆர்கேன் லாக்' மந்திரம். பூட்டின் டிசி, அதாவது பகடையில் எட்ட வேண்டிய எண், அதனால் பத்து கூடும். 15 இருந்தது 25 ஆகும். அப்புறம் அந்த அலாரம்.

அலாரம் மந்திரத்தின் விதியை மறுபடி படித்தபோதுதான் எனக்கு உற்சாகம் வந்தது. எட்டு மணி நேரம் நிற்கும். சடங்காகச் செய்தால் செலவே இல்லை, ஆனால் செய்து முடிக்க 11 நிமிடம் ஆகும். மாலை ஆறுக்குக் கணக்குப்பிள்ளை போட்டு முடிக்கிறார் என்றால் அதிகாலை இரண்டுக்கு அது அணைந்துவிடும். அணைவதை மந்திரம் அவருக்குச் சொல்லாது. கொஞ்சம் முன்னாலேயே எழுந்து புதுப்பிக்கலாம்தான். ஆனால் மனுஷன் வயதானவர், இரண்டு மணி அடித்ததும் போர்வையை விலக்குகிறவர். ஆக, தினமும் இரண்டு மணியிலிருந்து குறைந்தது 11 நிமிடம் கதவில் அலாரம் இல்லை. இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல முடியாது, விதியிலேயே இருந்தது. 'காலம்' என்ற கதவு அங்கே எப்போதும் திறந்தே இருந்திருக்கிறது.

பூட்டைத் திறக்கும் 'நாக்' மந்திரம் போட்டால் ஆர்கேன் லாக் பத்து நிமிடம் செயலிழக்கும், ஆனால் 300 அடி வரை கேட்கும் ஒரு சத்தம் கதவிலிருந்து எழும். கிளெரிக், அதாவது பூசாரிக் கேரக்டர், போடும் 'சைலன்ஸ்' மந்திரம் ஒரு வட்டத்துக்குள் எந்தச் சத்தமும் இல்லாமல் செய்யும், அதனால் அந்தச் சத்தத்தை அடக்கலாம். ஆனால் நாக்கை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சைலன்ஸ் வட்டத்துக்குள் நின்றால் வாயிலிருந்து சத்தமே வராது. வட்டத்தின் ஆரம் 20 அடி, நாக் எட்டும் தூரம் 60 அடி. ஆக, சைலன்ஸைக் கதவின்மேல் வைத்துவிட்டு விஸார்ட் வட்டத்துக்கு வெளியே நின்று சொன்னால் காரியம் நடக்கும். கதவுக்கு முன்னாலுள்ள நடையை நாற்பது அடி நீளமாக நான் வரைந்ததற்குக் காரணம் இதுதான். முன்பு அது பத்து அடி. யாரும் இந்த வழிக்கு வராவிட்டால் நீளமான நடை, அவ்வளவுதான்.

பிசகுக்கும் நாசத்துக்கும் நடுவே ஏணி வைக்க ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் த டார்க்' (2017) ஆட்டத்தைக் கடன் வாங்கினேன். களவுக்கென்றே எழுதிய ஆட்டம் அது. வட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக நிரப்பும் கடிகாரம் அதில் உண்டு. நான் ஆறு துண்டு போட்டேன். ஒரு பிசகுக்கு ஒரு துண்டு, சத்தமான பிசகுக்கு இரண்டு. இரண்டு நிரம்பினால் யாரோ மேலிருந்து "யாரது?" என்று கேட்பார்கள். நான்கில் வெளிவாசலைச் சாத்திவிட்டு விளக்கோடு தேடுவார்கள். ஆறில் ஊர் மணி அடிக்கும். அந்தத் தாளை மேசை நடுவில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். ஒளித்து வைத்தால் எனக்கு மட்டும் பதற்றம், அவர்களுக்கும் வேண்டுமே.

அதே ஆட்டத்திலிருந்து பின்னோக்கும் காட்சியையும் எடுத்தேன். களவு நடுவில் ஒரு பிளேயர் நிறுத்தி, "இதை நான் நேற்றே ஏற்பாடு பண்ணிட்டேன்" என்று சொல்லலாம், அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். அங்கே விலை மனஅழுத்தப் புள்ளிகள். என் மேசையில் விலை புளியங்கொட்டை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிண்ணத்தில் எட்டு கொட்டை. சின்ன ஏற்பாட்டுக்கு ஒன்று, பெரியதுக்கு இரண்டு. இது இருந்தால் மூன்று மணி நேரத் திட்டம் தேவையில்லை. அதனால் திட்டத்துக்கு அரை மணி நேரம் என்று போனில் டைமர் வைத்தேன். ஒருவர் முறைத்தார்.

கடைசி மாற்றம் தகவல். நோட்டம் பார்க்கப் போனால் தகவல் நிச்சயம் கிடைக்கும், அதற்குப் பகடை கிடையாது. பகடை உருட்டுவது, உங்களை யாராவது கவனித்தார்களா என்பதற்கு மட்டும். தகவலையே பகடைக்கு விட்டால் அதிர்ஷ்டம் கெட்ட நாளில் பிளேயர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு திட்டம் போடுவார்கள், அப்புறம் மறுபடி அந்த நாய். 2023இல் வந்த 'கீஸ் ஃப்ரம் த கோல்டன் வால்ட்' தொகுப்பில் பதின்மூன்று களவு சாகசங்கள். பிளேயர்களுக்குக் கொடுக்கும் வரைபடமும் டிஎம் கையிலுள்ள வரைபடமும் அங்கே முழுக்க ஒத்துப்போகாது. அதையும் சுட்டுக்கொண்டேன். பழைய வேலையாள் ஒருவன் வரைந்து கொடுத்த படத்தில் ஒரு சுவர் குறைவு.

இரண்டாவது இரவு

பொருள் வைத்தவராகக் கீழே போகலாம் என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பத்து நிமிடம் ஆனது. ஏதாவது மோதிரத்தை அடகு வைப்பார்கள் என்று நினைத்தேன். பார்ட் ஆடிய பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் குரலை வைக்கிறேன்" என்றார். மேசையில் ஒரு நிமிடம் பேச்சில்லை. பார்ட் என்றால் பாட்டுக்காரி. குரல் போனால் பாட்டு மட்டுமல்ல, வாய்விட்டுச் சொல்லும் மந்திரம் எல்லாமே போச்சு. "மோதிரம் வச்சா மேல் தட்டுல வைப்பாங்க. குரல்னா நிழல் இருக்கிற அறைலதானே இருக்கும்?" என்றார். நான் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதற்குப் பிறகு அது அப்படித்தான் இருந்தாக வேண்டும். ஆன்ட்வெர்ப் கதை அவருக்குத் தெரியாது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவர் கீழே போய்ப் பார்த்ததில் காதல் கற்கள் தெரிந்தன, கிசுகிசுப்பு கேட்டது. ஊமையானதால் அதைக் கூட்டாளிகளுக்குச் சைகையில்தான் சொன்னார். பிளேயரும் மேசையில் வாய் திறக்காமல் கையாலேயே நடித்துக் காட்டினார். ஃபைட்டர் ஆடியவர் அதை 'இரண்டு புறா' என்று புரிந்துகொண்டு வெகுநேரம் புறாக்களைப் பற்றித் திட்டம் போட்டார். அரை மணி டைமரில் ஆறு நிமிடம் இதற்குப் போனது. நான் குறுக்கிடவில்லை.

இரவு இரண்டு மணி. ரோக் முதல் புளியங்கொட்டையை எடுத்து வைத்தார். மணியடிக்கும் பாராக்காரனோடு மூன்று நாளாக வறுத்த மீன் தின்று சிநேகம் பிடித்திருக்கிறாராம், இன்றைக்குப் பேச்சு சுவாரசியத்தில் மணி கொஞ்சம் தாமதமாகிறது. ஐந்து நிமிடம் கொடுத்தேன். ஆக 16 நிமிடம். சைலன்ஸ் நிற்பதோ பத்து நிமிடம்தான். கிளெரிக் அதைக் கதவில் போட, விஸார்ட் நடையின் மறுகோடியில் நின்று நாக் சொன்னார். நாற்பது அடி நடையை அவர்களே அளந்து பார்த்து, அவர்களே கண்டுபிடித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், முகத்தில் காட்டவில்லை.

கற்களுக்கு ரோக் சொன்ன வழி எளிமையானது. "ரெண்டையும் சேர்த்தே கழட்டி, நூல் போட்டுக் கட்டிடலாம். அதுங்க பாட்டுக்குப் பேசட்டும்." முதல் வடிவத்தில் இந்தக் கற்களுக்கு டிசி 20 என்று ஒரு எண் மட்டும் எழுதியிருந்தேன். இப்போது கழற்றும்போது கை நடுங்காமல் இருக்க ஒரே ஒரு உருட்டு. தேறினார்.

பிசகு வேறு இடத்தில் வந்தது. வரைபடத்தில் இல்லாத சுவரில் ஃபைட்டர் இருட்டில் முட்டிக்கொண்டார், சைலன்ஸ் வட்டத்துக்கு வெளியே, முழு இரும்புக் கவசத்தோடு. இரண்டு துண்டு. "யாரது?" என்ற குரலுக்குக் கிளெரிக் பதில் சொல்ல முயன்று இன்னும் இரண்டு துண்டு சேர்த்தார். நான்கு. வெளிவாசல் சாத்தும் சத்தம். நிழல் சாடி கையில் இருக்கிறது, சாடிக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தே ஆக வேண்டும், தேடுகிறவர்கள் படியில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்துக்கு என்னிடம் எந்தத் தீர்வும் இல்லை. உண்மையாகவே இல்லை. விஸார்ட் கேட்டார்: "சாடியைத் திறந்தா நிழல் என்ன பண்ணும்?" யாராவது ஒரு ஆளின் காலில் ஒட்டிக்கொள்ளும் என்றேன், அந்தக் கணத்தில் தோன்றியதை. திறந்தார்கள், ஃபைட்டரின் காலில் ஒட்டிக்கொண்டது. இப்போது அவருக்கு இரண்டு நிழல், அதில் ஒன்று கூன் விழுந்த கிழவியின் நிழல். மற்றவர்கள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். ஃபைட்டர் இரவுக் காவல்காரன் மாதிரி நிமிர்ந்து நின்றார். தேடி வந்தவன் விளக்கைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு நிழலையும் பார்த்தான். அப்போதுதான் அந்த ஊமைப் பாட்டுக்காரி, பேச முடியாததால் இவ்வளவு நேரம் சும்மா இருந்தவர், தூணுக்குப் பின்னாலிருந்து கை நீட்டித் தரையில் இன்னொரு விளக்கை ஏற்றி வைத்தார். விளக்கு இரண்டு என்றால் நிழலும் இரண்டுதானே. காவல்காரன் திரும்பிப் போனான். பகடை உருட்டச் சொல்லவே எனக்கு மனசு வரவில்லை.

நான்கு மணி மீன் படகில் வெளியேறினார்கள். நோட்டம், திட்டம், களவு எல்லாம் சேர்த்து மூன்றே முக்கால் மணி நேரம். அதில் களவு மட்டும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

இன்னும் சரியாகாதவை

கிண்ணத்தில் மூன்று புளியங்கொட்டை மிச்சம் இருந்தது. எட்டு அதிகம், ஐந்து போதும் என்று நினைக்கிறேன். கிளெரிக்குக்கு வேலை குறைவு. சைலன்ஸ் போட்டுவிட்டு அதன்மேல் கவனம் வைத்துக்கொண்டு நிற்பதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. 'தெய்வம்' என்ற கதவுக்காகக் கடைக்குள் ஒரு சின்னச் சன்னிதி எழுதியிருந்தேன், ஆனால் அது யாரும் போகாத மூலையில் இருந்தது. அடுத்த முறை அதைப் பெட்டகப் படிக்கட்டின் தலைப்பிலேயே வைக்கப்போகிறேன். நோட்டம் பார்க்கும் பகுதி ஒன்றே கால் மணி நேரம் இழுத்தது. ஆளுக்கு ஒரு நோட்டம் என்று கட்டுப்படுத்தினால் குறையலாம், ஆனால் குரல் மாதிரி ஒரு யோசனை அந்த இழுவையில்தான் வந்தது. அதைத் தொட எனக்குத் தயக்கம்.

'சார்ம் பர்சன்' மாதிரி வசிய மந்திரங்களுக்கு இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். போட்டால் வேலை நடக்கும், ஆனால் மந்திரம் விலகியதும் தன்மேல் மந்திரம் போட்டது அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். அந்த ஆள் மறுநாள் காலை யாரிடம் போய்ச் சொல்வான் என்பதையும் கடையின் கால அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

தடயம் என்று ஒன்றை நான் திட்டமிட்டு வைக்கவே இல்லை. படகு பாலத்தைத் தாண்டிய பிறகு பார்ட் ஆடியவர் திடீரென்று தலையில் கை வைத்தார். பதினாறு நிமிடப் பரபரப்பில் நிழலை எடுத்தவர்கள் அவருடைய குரல் சாடியை எடுக்க மறந்திருந்தார்கள். அது அதே தட்டில் இருக்கிறது. பேரேட்டில் அவர் பெயரும் கையெழுத்தும் இருக்கிறது.

அடுத்த செஷன் காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது, கடை திறக்கும் நேரம். களவு போன கடையில் கூட்டம் அலைமோதுகிறது. பாட்டுக்காரி கையில் அசலும் வட்டியும் ரசீதும் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார். இரவெல்லாம் தூங்காத கணக்குப்பிள்ளை பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பேர் சொல்லும்மா" என்கிறார்.